இரண்டாவது டப்பா வாங்காதவர்கள்

மிளகாய் சுடும் வாரம் வந்துவிட்டால் தெல்ச்செவோவில் எந்த வீட்டிலும் துணி காயப்போட முடியாது. முற்றத்துக்கு முற்றம் தகர அடுப்பு புகையும். சிவந்து கொழுத்த மிளகாய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தோல் கருகச் சுட்டு, சட்டியில் போட்டு மூடி வேர்க்க வைத்து, பிறகு பெண்கள் சுற்றி உட்கார்ந்து உரிப்பார்கள். உரித்ததை அரைத்து எண்ணெய் விட்டுக் கிண்டினால் அய்வார். பனிக்காலம் முடியும்வரை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

அந்த வருஷம் வெலிகாவின் முற்றத்திலும் மூட்டை வந்து இறங்கியது. உரிக்க வேண்டியவளோ கைகளை மடியில் கவிழ்த்துப் போட்டபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உரித்துக்கொண்டிருந்தது பாவ்லினா. ஷூ ஆலையில் பசை மேசையில் வெலிகாவுக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது.

“காட்டு, பாக்குறேன்.”

“பாத்து என்ன பண்ணப் போற? நேத்துப் பாத்த மாதிரியேதான் இருக்கு.”

“காட்டுடி.”

வெலிகா திருப்பிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கட்டைவிரல் மடிப்பில் வெடிப்பு. அதன் ஓரத்தில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளங்கள். வசந்தத்தில் விரல் நுனியோடு நின்றிருந்தது, இப்போது மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது.

“ஐயோ கடவுளே. அதே பசை, அதே மேசை, அதே பிரஷ். எனக்கு ஒரு மண்ணும் இல்ல பாரு. உனக்கு மட்டும் எங்கருந்துடி வந்துச்சு?”

“கிர்ஸ்தேயும் அதத்தான் கேக்குறான். ‘நீ என்ன மகாராணியா, உனக்குன்னு தனியா பன்னீர்ல பசை காய்ச்சணுமா’ன்னு.”

“அவன் கிடக்கான். சூப்பர்வைசர்னு பேரு. பசை டின்னத் தொறந்தா வாசப்பக்கம் ஓடிர்றான்.”

அடுப்பருகே நின்று மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த வெலிகாவின் கணவன் கெராசிம் திரும்பினான். நெடிய ஆள், இடுப்பிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பான்.

“பேசிக்கிட்டே இருந்தா சட்டி ஆறிரும். பாவ்லினா, நீ அவளப் பயமுறுத்தாத. நேத்துத்தான் புதுசாக் காய்ச்சுன களிம்பத் தேச்சு விட்டிருக்கேன். இந்தத் தடவ பிசின அதிகமாவே போட்டிருக்கேன். அமுங்கிரும்.”

“குறைஞ்சிருக்குதான்,” என்றாள் வெலிகா.

பாவ்லினா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுத்த மிளகாயை எடுத்தாள்.

கெராசிம் முன்பு மலைக்கு அந்தப் பக்கத்து ஈயச் சுரங்கத்தில் இருந்தவன். ஒருநாள் மேற்பாறை இறங்கி இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எழுந்து நடக்கத்தான் நடந்தான், பேச்சு நின்றுபோயிற்று. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்குப் போடும்வரை அங்கேயே இருப்பான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான். படு என்றால் படுப்பான். வெலிகா ஆலையிலிருந்து வந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். சுவருக்குச் சொல்வது போலிருக்கும். பிறகு அதையும் விட்டுவிட்டாள். மால்ட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்ட மகன் போன் பண்ணினால், “அப்பா தூங்குறாரு” என்று அவளே பதில் சொல்லி வைத்துவிடுவாள்.

அவனை எழுப்பியது தேனீக்கள்தான். செத்துப்போன ஒரு பெரியப்பாவின் பெட்டிகள் மூன்று அவனுக்கு வந்தன. வேண்டாம் என்று சொல்லவும் வாய் திறக்காததால் வந்தவை. பிரெகால்னிட்சா ஆற்றங்கரையில் பாப்ளர் மரங்களுக்கு அடியில் அவற்றை வைத்தான். தேனீக்கள் அந்த மரத்து மொட்டுகளில் கசியும் பிசினைச் சுரண்டி வந்து பெட்டியின் இடுக்குகளை அடைக்கும். பழுப்பாய், பிசுபிசுப்பாய், கோவில் சாம்பிராணி போல மணக்கும். கெராசிம் அதைச் சுரண்டி எடுத்து ரக்கியா சாராயத்தில் ஊறப்போட்டான். தேன்மெழுகும் பன்றிக்கொழுப்பும் உருக்கி அதில் கலந்தான். அந்தச் சமயத்தில்தான் ஆலைப் பசை பட்டு வெலிகாவின் விரல் நுனிகள் முதன்முதலாகச் சிவந்திருந்தன. ஒரு சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “கையக் குடு” என்றான்.

பாறை விழுந்த பிறகு அவன் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் அவன் களிம்பு டப்பாவோடு வருவான். ஒவ்வொரு விரலாக எடுத்து, நகக்கண் முதல் உள்ளங்கைவரை தேய்ப்பான். தேய்க்கத் தேய்க்கப் பேச்சு வரும். இன்றைக்கு எந்தப் பெட்டியில் ராணி மாறியது, ஆற்றில் தண்ணீர் எப்படி, சந்தையில் எவன் என்ன கேட்டான். முதலில் நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பு மூடி, தோல் மிருதுவானது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். பிறகு ஊரே கேட்டது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் கெராசிம் ஒரு பலகை விரித்து நின்றான். “இந்தா நிக்கிறா பாரு என் பொண்டாட்டி. அவ கையப் பாரு” என்று சிரித்தபடி விற்றான்.

அந்தக் கைதான் இப்போது மடியில் கவிழ்ந்து கிடந்தது. சந்தைக்கு வருவதையே அவள் நிறுத்திவிட்டாள்.

அய்வார் கிண்டி ஜாடியில் அடைத்து முடித்த வாரத்தில் வெலிகாவின் இமைகள் வீங்கின. ஆலையில் ஷூவின் அடித்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள், கோடு தெரியாமல் மேல்தோலில் தடவிவிட்டாள். கிர்ஸ்தே வந்து அந்த ஷூவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான்.

“என்னம்மா இது? தூக்கமா?”

“கண்ணு வீங்கியிருக்கு.”

“கைங்கிற, கண்ணுங்கிற. நாளைக்குக் காலுங்குவ. ஒண்ணு உடம்பச் சரி பண்ணிட்டு வா. இல்ல, இந்த நாற்காலிக்கு வெளிய ஆள் நிக்குது. நான் கெட்டவன் இல்ல வெலிகா. எனக்கும் மேல ஒருத்தன் இருக்கான்.”

“வேற மேசைக்கு மாத்துங்க. தையல்ல போடுங்க.”

“தையல்ல இருக்கிறவளயெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடுறது, என் மடியிலயா?”

மேசை முழுக்கச் சிரித்தது. வெலிகாவும் சிரித்தாள். சிரிக்கும்போது இமை வலித்தது.

ஊர் மருத்துவர், ஷ்திப் நகரத்து ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். அங்கெலோவ்ஸ்கா என்று ஒரு பெண். சுருக்கமாகப் பேசுகிறவள். எது ஆகவில்லை என்று முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். “உங்க கையில தினம் படுற எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. சோப்பு, பசை, கையுறை, கிரீம். ஒண்ணையும் விடாதீங்க.”

பசையை ஆலையிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் பாவ்லினா ஒளித்துக் கொண்டுவந்தாள். களிம்பைக் கெராசிமே எடுத்துவைத்தான். இரண்டு டப்பா.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு சோதனைக்கு. ஒண்ணு டாக்டரம்மாவுக்கு. நாள் பூரா கை கழுவிக் கழுவி வறண்டு போயிருக்கும் பாவம்.” துணியால் டப்பாவின் மூடியைத் துடைத்துத் துடைத்து வைத்தான்.

டாக்டர் வெலிகாவின் முதுகில், அவள் கொண்டுவந்ததையெல்லாம் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, மையால் கோடு போட்டு அனுப்பினாள். குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, முதுகைச் சொறியக் கூடாது. இரண்டு நாள் வெலிகா பலகை விழுங்கியவள் போல விறைப்பாக நடந்தாள். மறுபடி பஸ் ஏறிப் போனபோது டாக்டர் பிளாஸ்திரியை உரித்தாள். பிறகு விரலால் இரண்டு இடத்தைத் தொட்டாள். தோள்பட்டைக்குக் கீழே ஒன்று. முதுகெலும்பை ஒட்டி ஒன்று.

“இங்க ஆலைப் பசை. அதுல இருக்கிற ஒரு பிசின் உங்களுக்கு ஆகல. நான் நினைச்சதுதான்.”

“இன்னொண்ணு?”

“அது நீங்க கொண்டுவந்த களிம்பு. பசைய விட இதுதான் மோசமா எழும்பியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வாங்க, உறுதியாச் சொல்றேன்.”

“களிம்பு இருக்காது டாக்டர். அது மருந்து. தேனீ கொண்டுவர்றது, மரத்துல இருந்து. இயற்கையானது.”

“உங்க தோலுக்கு இயற்கை, செயற்கை தெரியாதும்மா. மரத்துப் பிசினும் பிசின்தான்.”

“ஆரம்பத்துல கேட்டுச்சே. நல்லாச்சே.”

“ஆகும். கொழுப்பும் மெழுகும் வெடிப்ப மூடும். ஆனா புண்ணு வழியா அந்தப் பிசின் உள்ள போயிக்கிட்டே இருக்கும். இது முதல் நாள்ல வர்றதில்ல. தினம் படுறதத்தான் உடம்பு ஒருநாள் எதிரின்னு முடிவு பண்ணுது. முடிவு பண்ணிட்டா மறக்காது, சாகுறவரைக்கும்.”

வெலிகா சட்டைப் பொத்தானைப் போட்டாள். ஒன்றை மாற்றிப் போட்டாள்.

“என் வீட்டுக்காரரு காய்ச்சுறது,” என்றாள். “அவரு கையிலயே இருக்கும் அது. எவ்வளவு கழுவுனாலும் போகாது. ரேகையெல்லாம் பழுப்பு ஏறிக் கிடக்கும்.”

டாக்டர் பேனாவை மூடினாள். “அவர் உங்களத் தொடக்கூடாதுன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றாள். “ஆனா அப்படித்தான் சொல்லணும்.”

அன்பளிப்பு டப்பாவை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் வெலிகா அதைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோனாள். போட மனசு வரவில்லை. பெஞ்சின் மேல் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகு, யாராவது குழந்தையின் கன்னத்தில் பூசிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. இறங்க முடியவில்லை.

வீட்டில் கெராசிம் பீன்ஸை மண்சட்டியில் வேகவைத்துக் காத்திருந்தான். வந்ததும் வராததுமாக, “திரும்பு, பாக்கணும்” என்றான். அவள் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு நிம்மதியாக இருந்தது.

“ரெண்டு!” என்றான். “ரெண்டு இடம் ரத்தமாட்டம் செவந்து நிக்குது. எது எதும்மா?”

“பசை.”

“ரெண்டுமா?”

“ஆமா. ஆலையில ரெண்டு மூணு தினுசு பசை இருக்குல்ல.”

“பாவிங்க. என் பொண்டாட்டி முதுகுல ரெண்டு துப்பாக்கிக் குண்டு போட்ட மாதிரி ஆக்கி வச்சிருக்கானுங்க.” சட்டையை மெல்லக் கீழே இறக்கிவிட்டான். “களிம்பு ஒண்ணும் பண்ணலையே?”

“இல்ல.”

“எனக்குத் தெரியும். டாக்டரம்மா என்ன சொன்னாங்க, டப்பாவப் பாத்து?”

“சந்தோஷப்பட்டாங்க.”

அன்று சாயங்காலமும் அவன் டப்பாவோடு வந்தான். அவள் கையை நீட்டினாள். நீட்டாமல் இருக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி உண்மைக்குத்தான் போய்ச் சேரும். அவன் தேய்த்துக்கொண்டே, குளிர் வந்ததும் பெட்டிகளுக்கு வைக்கோல் கட்டுவதைப் பற்றிப் பேசினான். விரலிடுக்கில் எறும்பு ஊர்வது போல முதலில் ஆரம்பித்து, பிறகு நெருப்பாக எரிந்தது. அவன் எழுந்து விறகு எடுக்கப் போனதும் அவள் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினாள். பிசின் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

“தண்ணி ரொம்ப ஓடுதே,” என்றான் வெளியிலிருந்து.

“பல்லு தேய்க்கிறேன்.”

இரண்டாம் தடவை டாக்டர் பார்த்தபோது, களிம்பு வைத்த இடத்தில் கொப்புளமே வந்திருந்தது. ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்தாள். பசையும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். வேறு வேலை பாருங்கள் என்றாள். தெல்ச்செவோவில் வேறு என்ன வேலை இருக்கிறது என்பது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

“வேற வேல பாக்கச் சொன்னாங்களா?” கெராசிம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். “நல்லதாப் போச்சு! கிர்ஸ்தே மூஞ்சியில வீசிட்டு வா அந்த ஏப்ரன. எத்தன நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? நீ சம்பாரிச்சுக் கொண்டாந்து போடுற, நான் திங்கிறேன். ஒரு ஆம்பள எத்தன நாளைக்கு அப்படி உக்காந்து திங்கிறது? இனிமே நாம ரெண்டு பேரும் சேந்து காய்ச்சுவோம். கொச்சானி சந்தையிலயும் கேக்குறாங்க. நீ கிண்டு, நான் ஊத்துறேன். கொல்லைப் பட்டறையிலயே உனக்கு ஒரு மேசை அடிச்சுத் தர்றேன். கதகதப்பா அடுப்புப் பக்கத்துல.”

“யோசிப்போம் கெராசிம்.”

“யோசிக்க என்ன இருக்கு? விஷத்த விட்டுட்டு மருந்துக்கிட்ட வர்ற. இதுல யோசன வேறயா?”

அவன் கண் கலங்கியிருந்தது.

அவன் மேசை அடித்தான். கொல்லைப் பட்டறையிலிருந்து பகலெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்டது. நடுநடுவே சீட்டி அடித்தான். பாவ்லினா வந்தபோது வெலிகா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

பாவ்லினா தலையில் அடித்துக்கொண்டாள். “சொல்லித் தொலைடி. உன்னக் கொல்லப் போறானா?”

“கொன்னாப் பரவால்லையே. மறுபடி அந்த ஜன்னல்கிட்ட போயி உக்காந்துட்டா?”

“அதுக்காக நீ வெந்து சாவியா?”

“நீ அப்ப இங்க இல்ல பாவ்லினா. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு வருஷம் பொணத்தோட குடித்தனம் பண்ணியிருக்கேன். சோறு திங்கிற பொணம்.”

ஜன்னலுக்கு வெளியே சீட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பரில், பனி மூட்டம் பள்ளத்தாக்கை விட்டு எழும்பாத ஒரு காலையில், முதல் தடவையாகக் களிம்பு காய்ச்ச அவளைக் கூப்பிட்டான். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதன்மேல் சின்னச் சட்டியில் பிசினும் ரக்கியாவும் மெழுகும் உருகின. வெலிகா கையுறை போட்டிருந்தாள். கெராசிம் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“மருந்தக் கிண்ட எதுக்கும்மா கையுறை?”

“சூடு படக்கூடாதுல்ல.”

ஆவி முகத்துக்கு வந்தது. அதற்குக் கையுறை எதுவும் இல்லை. மூச்சைப் பிடித்துப் பிடித்துக் கிண்டினாள். கெராசிம் டப்பாக்களை வரிசை வைத்தபடி, வசந்தத்தில் பெட்டிகளை இரண்டு பங்காக்குவது, மகனைத் திரும்ப வரச் சொல்வது, எல்லாவற்றையும் பேசினான். அவ்வளவு பேச்சை அவள் கல்யாணமான புதிதில்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்தபோது அவளால் கண் திறக்க முடியவில்லை. இரண்டு இமையும் பழம் போல உப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னமும் கழுத்தும் காந்தின. கெராசிம் பதறிப்போய் ஓடுவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. திரும்பி ஓடி வந்தான். மூடி திருகும் சத்தம் கேட்டது. அந்தச் சாம்பிராணி மணம் முகத்துக்கு நேரே வந்தது.

“அசையாத. கண்ணு மேல லேசாத் தடவுறேன், ஒரே நிமிஷம்—”

“வேண்டாம்!”

அவள் கையை வீசியதில் எதுவோ தட்டி உருண்டது.

“வெலிகா?”

“அதுதான் கெராசிம். அதுதான் பண்ணுது.”

“எது?”

“உன் களிம்பு.”

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பேசினாள். பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டாள். “முதுகுல ரெண்டு இருந்துச்சுல்ல? ஒண்ணு பசை. ஒண்ணு உன்னோடது. உன்னோடதுதான் பெருசு.”

உருண்டுபோன டப்பாவை அவன் எடுத்து மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“ஷ்திப்ல. அவங்க பிளாஸ்திரிய உரிச்ச அன்னிக்கே.”

“அதுக்கப்புறமும் தினம் கைய நீட்டுன.”

“நீட்டுனேன்.”

“ஏன்?”

“நீ பேசிக்கிட்டு இருந்த,” என்றாள் வெலிகா.

அவன் எழுந்து போனான். கதவு சாத்தும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது.

பாவ்லினா வந்துதான் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தது. திறந்து பார்த்தபோது வீடு பழைய வீடாக இருந்தது. கெராசிம் படுக்கையைப் பட்டறைக்கு மாற்றியிருந்தான். சாப்பாட்டை வாசற்படியில் வைத்தால் எடுத்துப்போவான். கழுவிய தட்டு திரும்ப வாசற்படிக்கு வரும். ஆற்றுப்பக்கம் போவதைப் பார்த்தாள். திரும்பி வருவதைப் பார்த்தாள். எதிரில் வந்தாலும் சுவரோரமாக ஒதுங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்கு வழிவிடுவான். தொற்றுநோய்க்காரன் நடந்துகொள்வது போல இருந்தது. அவளுடைய கைகள் மட்டும் அவளைக் கேட்காமலே ஆறத் தொடங்கின. வெடிப்பு மூடியது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

லீவு முடிய இன்னும் சில நாளே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவள் முட்டைக்கோஸை உப்பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கெராசிம் நிலைப்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

“அந்தத் தபால்காரன் ரெண்டாவது டப்பா வாங்கவே இல்ல,” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. “எந்தத் தபால்காரன்?”

“நம்ம ரிஸ்தோதான். முழங்கை வலின்னு வாங்கிட்டுப் போனான். மறுபடி வரல. அப்புறம் பேக்கரி பெர்சா. கழுத்துப் படைக்கு வாங்குனா. அவளும் வரல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? குணமாயிருச்சு, அதான் வரலன்னு. சந்தையில அப்படித்தான் சொல்லிக்கிட்டும் இருந்தேன். ஒரு டப்பாலயே தீந்துரும்னு.” குரல் பல நாள் பேசாததால் கரகரத்தது. “பட்டறையில உக்காந்து வராதவங்களா நினைச்சுப் பாத்தேன். நிறைய இருக்கு வெலிகா.”

“எல்லாருக்கும் என்ன மாதிரி ஆகாது. டாக்டரே சொன்னாங்க. பாதிப் பேருக்கு நல்லாவே கேட்டிருக்கும்.”

“மீதிப் பேரு?”

அவள் உப்புக் கையைத் துடைத்தாள்.

“போய்க் கேக்கப் போறேன்,” என்றான். “நீ வர்றியா? எனக்குத் தனியாப் போய் என்ன கேக்கிறதுன்னு தெரியல.”

இருவரும் புறப்பட்டார்கள். முதல் பனி விழுந்து உறைந்திருந்தது. தபால்காரன் ரிஸ்தோ கதவைத் திறந்து, “களிம்பா? எங்கயோ வச்சேன், எங்கன்னு மறந்துட்டேன், இன்னொண்ணு கொண்டாந்திருக்கியா?” என்று கேட்டான். கெராசிம் இல்லை என்று தலையாட்டினான். அடுத்த வீட்டில் ஆளில்லை. பிறகு பேக்கரி.

பெர்சா மாவுக் கையோடு பின்வாசலுக்கு வந்தாள். கெராசிமைவிட மூத்தவள்; எல்லோரையும் அதட்டிப் பேசுகிறவள். கெராசிம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“பெர்சா அக்கா, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். என் களிம்பு உனக்கு ஆகலையா?”

பெர்சா வெலிகாவைப் பார்த்தாள். வெலிகா, சொல்லிவிடு என்பது போலக் கண்ணை மூடித் திறந்தாள்.

“ஆகல,” என்றாள் பெர்சா. “தடவுன மறுநாளே கழுத்து சுத்திப் பொங்கிருச்சு. தலையத் திருப்ப முடியல. ஒரு வாரம் துணி சுத்திக்கிட்டு நின்னேன் கடையில.”

“ஏன் சொல்லல? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்னப் பாக்குற.”

“எப்படிடா சொல்றது?” பெர்சாவின் அதட்டல் பாதியில் இறங்கிவிட்டது. “செத்துப் பொழைச்சு வந்து, யார்கிட்டயும் வாய் தொறக்காமக் கிடந்தவன். சந்தையில நின்னு சிரிச்சு வியாபாரம் பண்ற. ஊரே உன்னப் பாத்து, அப்பாடான்னு இருந்துச்சு. அதுல போய் நான் என் கழுத்தத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கவா? டப்பாவத் தூக்கி அடுப்புல போட்டேன். முடிஞ்சுது.”

“எனக்காகவா?”

“வேற யாருக்கு? கூலுவுக்கும் ஆகலன்னு அவ புருஷன் சொன்னான், பாலம் பக்கத்து வீட்டு கூலு. அவளும் இதத்தான் சொன்னா. அவன்கிட்ட சொல்லிராதீங்கன்னு.”

கெராசிம் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழப்போகிறான் என்று வெலிகா பயந்தாள். அவன் அழவில்லை. தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, “மன்னிச்சுக்க அக்கா” என்றான்.

“போடா. ரொட்டி எடுத்துட்டுப் போ, சூடா இருக்கு.”

தெருவுக்கு வந்ததும் நின்றான். மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

“ஊரே சேந்து என்னத் தாங்கிப் பிடிச்சிருக்கு. நான் என் சொந்தக் கால்ல சந்தையில நிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

வெலிகா கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இனிமே தேன் மட்டும்தான். தேனு உனக்கு ஆகும்ல?”

“ஆகும்னுதான் நினைக்கிறேன். கேக்கணும்.”

“அது மட்டும் வச்சு வண்டி ஓடாது.”

“ஓடாது. அடுத்த திங்கட்கிழம லீவு முடிஞ்சதும் நான் ஆலைக்குப் போறேன். கிர்ஸ்தேகிட்ட சொல்லியாச்சு.”

“பசை மேசைக்கேவா?”

“பசை மேசைக்கேதான். பாவ்லினா வேற மாதிரி கையுறை வாங்கி வச்சிருக்கா, பசை இறங்காததாம். எத்தன நாளைக்குத் தாங்குதோ பாப்போம்.”

அவன் அவள் கைகளைப் பார்த்தான். கம்பளிக் கையுறைக்குள் இருந்தன. உள்ளே ஆறிய தோல் மறுபடி என்ன ஆகப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். அதைத் தடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

“கூலு வீட்டுக்குப் போகணும்,” என்றான் கெராசிம்.

“இப்பவேவா?”

“இப்பப் போகலன்னா அப்புறம் போக மாட்டேன்.”

கூலுவின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். இறக்கத்தில் பனி கண்ணாடியாக உறைந்து கிடந்தது. கெராசிம் பழக்க தோஷத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள முழங்கையை நீட்டினான். உடனே கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டான். பெட்டிகளுக்கு வைக்கோல் கட்டப் போகும் கோட்டு அது.

“நீ வேலியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எறங்கு. நான் முன்னால போறேன்.”

வெலிகா இரண்டடி வேலியைப் பிடித்து இறங்கினாள். பிறகு அதை விட்டுவிட்டு அவன் கோட்டுக் கையை எட்டிப் பிடித்தாள்.

“விடு வெலிகா. பிசின் ஒட்டியிருக்கும்.”

“கையுறை போட்டிருக்கேன். நட.”

இந்தக் கம்பளி அதைத் தடுக்குமா, தடுக்காதா என்று டாக்டரிடம் அவள் கேட்டிருக்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. இருவரும் சறுக்காமல் அடிமேல் அடி வைத்து இறங்கினார்கள்.